ஒரு நாளைக்கு நாலு மான்: லூயிஸ்-கிளார்க் பயணத்துல குட்டைக் குழல் ரைஃபிள்

அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன் அனுப்பி, மெரிவெதர் லூயிஸும் வில்லியம் கிளார்க்கும் ஒரு கூட்டத்தோட மிசூரி ஆறு வழியா பசிபிக் கடல் வரைக்கும் போய்த் திரும்பினாங்க. அந்தப் பயணத்துல, 1805 ஜூலை 13ஆம் தேதி லூயிஸ் தன் குறிப்பேட்டுல ஒரு சாப்பாட்டுக் கணக்கு எழுதி வச்சிருக்காரு. கூட வந்தவங்க வயிறார சாப்பிடணும்னா 24 மணி நேரத்துக்கு நாலு மான் வேணும், இல்லன்னா ஒரு எல்க்கும் (பெரிய மான் வகை) ஒரு மானும், அதுவும் இல்லன்னா ஒரு பைசன் (அமெரிக்கக் காட்டெருமை). அப்போ அந்தக் கூட்டத்துல 33 பேரு, அதுல கூட வந்த ஷோஷோனி பழங்குடிப் பொண்ணு சக்காகவியாவோட கைக்குழந்தையும் ஒண்ணு. மிசூரி ஆத்தை எதிர்த்து படகு இழுக்கிற வேலை, தூக்கிச் சுமக்கிற வேலை, அதனால ஒருத்தன் சாப்பிடுற கறியைக் கேட்டா நமக்கே தலை சுத்தும். கையில கொண்டு வந்த மாவும் பன்னிக்கறியும் எத்தனை நாளைக்கு வரும், மிச்சமெல்லாம் துப்பாக்கியில அடிச்சுத்தான் ஆகணும், அந்தத் துப்பாக்கியும் ஒரு தடவை சுட்டா திரும்ப குழல் வாய் வழியா மருந்து கொட்டி குண்டு இடிக்கிற வகை.

இந்தப் பயணத்தைப் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் வரைபடம், ஜெஃபர்சன், பசிபிக் கடல் அப்படின்னு போயிடுவாங்க. நான் பார்க்கப் போறது அவங்க குறிப்பேட்டுல "குட்டை ரைஃபிள்"னே பேரு போட்டு வர்ற அந்த ஒரு ஆயுதத்தை மட்டும்தான். அது மான் வேட்டைக்கு உண்மையிலேயே உதவுச்சா, உதவுச்சுன்னா குழல் குட்டையா இருந்ததாலயா இல்ல வேற ஏதாவது காரணமா, இதுதான் கேள்வி.

முதல்ல துப்பாக்கி. நம்ம ஊர்ல மலையோரத்துல நாட்டுத்துப்பாக்கின்னு சொல்றோமே, அதே அடிப்படைதான். கருமருந்தை அளந்து குழல் வாய்ல கொட்டணும், மேல ஈயக் குண்டை வச்சு கம்பியால அடிமட்டம் வரைக்கும் தள்ளணும், பக்கவாட்டுல இருக்கிற சின்னக் கிண்ணத்துல கொஞ்சம் பொடி மருந்து போடணும், குதிரைங்கிற விசையை இழுத்து விட்டா சக்கிமுக்கிக் கல் இரும்புல உரசி பொறி பறந்து அந்தப் பொடியில பத்தி, ஒரு சின்ன ஓட்டை வழியா உள்ள தீ போகும். (நம்ம ஊர்ல அதை வச்சு மானைச் சுட்டா 1972 வனவிலங்கு சட்டத்துல நேரா ஜெயில்தான், அதனால இதை வரலாறா மட்டும் படிங்க.) ரைஃபிள்ல ஒரு வித்தியாசம் உண்டு, குழலுக்குள்ள சுருள் சுருளா வரி வெட்டியிருப்பாங்க, குண்டை எண்ணெய் தடவின துணித்துண்டுல சுத்தி இறுக்கமா இறக்குவாங்க, அந்தத் துணி வரியைப் பிடிச்சுக்கிட்டு குண்டைச் சுழல விடும். சுழலுற குண்டு நேரா போகும். பட்டாளத்து மஸ்கெட்ல வரி கிடையாது, சீக்கிரம் நிரப்பலாம், ஆனா 100 கெஜத்துல ஒரு மானை நம்பிக் குறி வைக்க முடியாது.

குட்டைக் குழல் அமெரிக்காவுக்குப் புதுசு இல்ல. ஜெர்மன் பேசுற நாடுகள்ல காட்டு வேட்டைக்காரங்க வச்சிருந்த யேகர் ரைஃபிள் குட்டையா, தடிமனா, பெரிய குண்டு போடுற மாதிரிதான் இருந்துச்சு. 18ஆம் நூற்றாண்டுல பென்சில்வேனியாவுக்கு வந்து குடியேறின ஜெர்மன் கொல்லருங்க கையோட அதையும் கொண்டு வந்தாங்க. அங்க வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா குழல் நீண்டு 40 அங்குலத்தைத் தாண்டிடுச்சு, குண்டு சின்னதாச்சு. சின்னக் குண்டுன்னா ஒரு பவுண்டு ஈயத்துல நிறைய குண்டு வார்க்கலாம், காட்டுக்குள்ள மாசக்கணக்குல திரியுறவனுக்கு அது பெரிய லாபம். நீளக் குழல்னா முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவுல தூரம் ஜாஸ்தி, கண்ணுக்குக் குறி வைக்க சுலபம். இதைத்தான் பின்னாடி கென்டக்கி ரைஃபிள்னு ஊரெல்லாம் பாட்டு பாடினாங்க. அழகான துப்பாக்கி, சந்தேகமே இல்ல, ஆனா ஒரு ஆள் உயரத்துக்கு நிக்குற சாமானை வச்சுக்கிட்டு படகுலயும் குதிரையிலயும் புதருக்குள்ளயும் போறது வேற கதை.

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி, 1803

1803 மார்ச் 14ஆம் தேதி போர்த்துறைச் செயலர் ஹென்றி டியர்பார்ன் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதசாலை மேற்பார்வையாளர் ஜோசஃப் பெர்கினுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதுறாரு, இதைக் கொண்டு வர்ற கேப்டன் லூயிஸ் என்ன ஆயுதம், என்ன இரும்பு வேலை கேட்டாலும் தாமதம் இல்லாம செஞ்சு குடுங்கன்னு. ரெண்டு நாள் கழிச்சு லூயிஸ் அங்க போயிட்டாரு. ஒரு வாரம் இருக்கலாம்னு போனவரு கிட்டத்தட்ட ஒரு மாசம் உக்கார்ந்துட்டாரு, காரணம் துப்பாக்கி இல்ல, அவரு கனவு கண்டு வச்சிருந்த ஒரு இரும்புச் சட்டப் படகு. சட்டத்தை மடிச்சு எடுத்துட்டுப் போய், மேல தோலைப் போர்த்தி மிதக்க விடலாம்னு திட்டம். 1805 ஜூலையில மிசூரி ஆத்துல இருக்கிற கிரேட் ஃபால்ஸ் அருவிங்க பக்கத்துல 28 எல்க் தோலும் 4 பைசன் தோலும் தைச்சுப் போர்த்தி விட்டாங்க, பூசி அடைக்க நல்ல பிசின் கிடைக்கல, தையல் வழியா தண்ணி ஒழுகி மொத்தமும் வீணாப் போச்சு. ஒரு மாசம் மூளையைச் செலவழிச்ச படகு முழுகிடுச்சு, போற போக்குல ஆர்டர் குடுத்த 15 ரைஃபிள் கடைசி வரைக்கும் உழைச்சுச்சு, இதை நினைச்சா எனக்குச் சிரிப்புதான் வரும்.

அவரு கேட்ட பட்டியல்ல 15 ரைஃபிளோட நிக்கல. 15 மருந்துக் கொம்பும் பையும், 15 ஜோடி குண்டு வார்க்கிற அச்சு, குழல் துடைக்கிற புழுக்கம்பி, மாட்டிக்கிட்ட குண்டை வெளிய இழுக்கிற திருகு, தோள்பட்டி, அது போக பொறி தட்டுற லாக்குக்கு உதிரி பாகங்கள், அதைச் சரி பண்ற கருவிகள். இந்தக் கடைசி ரெண்டையும் மனசுல வச்சுக்குங்க.

இப்போ பெரிய சண்டைக்கு வருவோம். மே 25ஆம் தேதி, அதாவது லூயிஸ் ஆர்டர் குடுத்துட்டுக் கிளம்பின பிறகு, டியர்பார்ன் பெர்கினுக்கு இன்னொரு கடிதம் எழுதுறாரு. நீளமான ரைஃபிளை விட குட்டையானதுதான் களத்துல நல்லா உதவுதுன்னு தனக்கு நல்லா தெரிஞ்சு போச்சு, அதனால புதுசா செய்யுறதுல குழல் ரெண்டடி ஒன்பது அங்குலத்தைத் தாண்டக் கூடாது, ஒரு பவுண்டுக்கு 30 குண்டு வர்ற அளவுல துளை இருக்கணும்னு. இதுதான் 1803 மாடல்னு பேரு வாங்கினது, 33 அங்குலக் குழல், .54 காலிபர் (அதாவது குழல் துளை 0.54 அங்குலம்), மரக்கட்டை முழு நீளத்துக்கும் ஓடாம பாதியில நின்னுடும், கம்பியும் மரத்துல இல்ல, இரும்புல. பார்த்தா அப்படியே லூயிஸோட "குட்டை ரைஃபிள்" மாதிரி இருக்கு. ஆனா தேதி இடிக்குது. மார்ச்ல ஆர்டர் குடுத்த துப்பாக்கி, மே மாசம் உத்தரவு போட்ட மாடலா எப்படி இருக்க முடியும்? அதனால ஒரு தரப்பு, 1792 ஒப்பந்தத்துல பென்சில்வேனியா கொல்லருங்க செஞ்சு குடுத்த 42 அங்குலக் குழல் ரைஃபிளை எடுத்து, குழலை வெட்டிக் குட்டையாக்கி, புது லாக் மாட்டிக் குடுத்திருப்பாங்கன்னு சொல்லுது. இன்னொரு தரப்பு, லூயிஸுக்குச் செஞ்சதுதான் முன்மாதிரி, அதைப் பார்த்துத்தான் டியர்பார்ன் மே மாசம் உத்தரவே போட்டாருன்னு சொல்லுது.

ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தொங்குற சாட்சி ஒண்ணு இருக்கு. 1803 ஜூலை 8ஆம் தேதி லூயிஸ் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில இருந்து ஜெஃபர்சனுக்கு எழுதுறாரு, நேத்து என் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தேன், எனக்காக இங்க செஞ்ச சாமானையெல்லாம் சரி பார்த்தேன், வேலை நல்லா இருக்குன்னு. செஞ்சதுன்னா முழுசா செஞ்சதா, வெட்டித் தைச்சதான்னு அவரு சொல்லல. இந்த விவாதத்துல ஆளுங்க வருஷக்கணக்குல மல்லுக்கட்டுறாங்க, எனக்கென்னவோ மான் பக்கத்துல இருந்து பார்த்தா இது ரெண்டாம் பட்சம்தான். ரெண்டு பக்கமும் ஒத்துக்கிற விஷயம் போதும், குழல் வழக்கத்தை விடக் குட்டை, குறிப்பேட்டுல அதுக்குன்னு தனிப் பேரு.

குட்டையா இருந்ததுல என்ன லாபம்

42 அங்குலத்துக்கும் 33 அங்குலத்துக்கும் வித்தியாசம் 9 அங்குலம். காகிதத்துல சின்ன விஷயம். ஆனா மருந்து கெட்டிக்கிறப்போ குழல் வாய் எந்த உயரத்துல இருக்குன்னு யோசிங்க. நீளக் குழலைத் தரையில ஊன்றி நிமிர்ந்து நின்னு, கையை மேல தூக்கி கம்பியை இழுத்தாத்தான் முடியும், அப்படி நின்னு கையை ஆட்டுறவனை மான் பார்க்காம இருக்குமா. குட்டைக் குழலை முட்டி போட்டுக்கிட்டே, மரத்துக்குப் பின்னாடி குனிஞ்சுக்கிட்டே நிரப்பிடலாம். படகுல உக்கார்ந்து நிரப்பலாம். வில்லோ புதருக்குள்ள நுழையறப்போ முனை கிளையில மாட்டாது. பாதிக் கட்டைங்கிறதுனால முன்பக்கம் எடை குறைவு, ஈரத்துல ஊறி முறுக்கிக்கிற மரமும் குறைவு, மரக்கம்பி மாதிரி அவசரத்துல முறியுற பயமும் இரும்புக் கம்பியில இல்ல.

நஷ்டம் உண்டு. குழல் குறையக் குறைய குண்டோட வேகம் கொஞ்சம் குறையும், குறி வைக்கிற ரெண்டு புள்ளியும் கிட்ட வந்துடும். ஆனா உருண்டை ஈயக் குண்டை வச்சுக்கிட்டு யாரும் 300 கெஜத்துல மான் அடிக்கல, புதர்லயும் ஆத்தோர மரக்கூட்டத்துலயும் கிட்ட போய்ச் சுடுறதுதான் வேட்டை, அந்தத் தூரத்துல அந்த வேகக் குறைவு மானுக்குத் தெரியப் போறதில்ல. டியர்பார்ன் கேட்ட அளவுல ஒரு குண்டு 15 கிராமுக்குக் கொஞ்சம் மேல வரும். 1792 ஒப்பந்தத்துல பவுண்டுக்கு 40 குண்டுன்னு இருந்துச்சு, அது 11 கிராம் சொச்சம். உருண்டைக் குண்டு காத்துல சீக்கிரம் வேகத்தை இழக்கும், கனமானது கொஞ்சம் மெதுவா இழக்கும், பெரிய ஓட்டை போடும், ரத்தம் கொட்டும், தடம் பிடிச்சுப் போறவனுக்கு அதுதான் வேணும். மான்னா பரவால்ல, எல்க் கூட விழணுமே.

எண்ணிக்கையைப் பாருங்க. அவங்க கட்டித் தங்கின ஃபோர்ட் மாண்டன் கோட்டையில 1804-05 குளிர்காலம், கறி தீர்ந்து போய் பிப்ரவரி 4ஆம் தேதி கிளார்க் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு உறைஞ்ச மிசூரி மேல நடந்தே கீழ் திசைக்குப் போறாரு. திரும்பி வந்து 13ஆம் தேதி எழுதினது: 40 மான், 19 எல்க், 3 பைசன் காளை. கடைசி நாள் மட்டும் பனிக்கட்டி மேலயும், முட்டி வரைக்கும் பனி கிடக்கிற காட்டுலயும் 30 மைல் நடந்திருக்காரு. அடிச்சதுல நிறைய எலும்பும் தோலுமா இருந்ததால சாப்பிடத் தேறலையாம், குளிர்கால மான் அப்படித்தான். போட்டு வச்ச கறியை எடுத்துட்டு வரப் போன கூட்டத்து வேட்டைக்காரர் ட்ரூயாரையும் மூணு பேரையும் நூத்துக்கு மேல சூ இனத்து ஆளுங்க மடக்கி ரெண்டு குதிரையைப் பறிச்சுக்கிட்டாங்க. அப்புறம் லூயிஸ் ஆளுங்களோட கிளம்பி, துரத்திப் பார்த்துட்டு, அப்படியே வேட்டையாடி 36 மானும் 14 எல்க்கும் அடிச்சு, 21ஆம் தேதி கிட்டத்தட்ட 3,000 பவுண்டு கறியோட வந்தாரு, சறுக்கு வண்டி ஒண்ணை 16 பேரு இழுத்துட்டு வந்தாங்க. மூணு வாரத்துக்குள்ள 76 மான். எல்லாமே குட்டை ரைஃபிள்ல விழுந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன், கூட்டத்துல மஸ்கெட்டும் இருந்துச்சு, சொந்தத் துப்பாக்கி வச்சிருந்தவங்களும் இருந்தாங்க, கிளார்க்கே ஒரு சின்னக் குண்டு ரைஃபிள் வச்சிருந்தாரு, பவுண்டுக்கு 100 குண்டு, அதுல அவரு பறவை அடிக்கிறதைப் பார்த்து பசிபிக் ஓரத்து க்ளாட்ஸப் பழங்குடி ஆளுங்க அசந்து போனாங்க. பயணம் முழுசுக்கும் குறிப்பேடுகளைக் கூட்டிப் பார்த்தவங்க சொல்ற கணக்கு 1,001 மான், 375 எல்க், 227 பைசன்.

ஈய டப்பா

என் பார்வையில இந்தப் பயணத்தோட உண்மையான புத்திசாலித்தனம் குழல்ல இல்ல, மருந்து டப்பாவுலதான் இருக்கு. கருமருந்துக்கு எதிரி ஈரம். மரப்பீப்பாயில வச்சா ஆத்துல ஒரு தடவை கவிழ்ந்தா கதை முடிஞ்சுது. லூயிஸ் பிலடெல்ஃபியாவுல ஈயத்துலயே 52 டப்பா செய்யச் சொன்னாரு, மொத்த ஈயம் 420 பவுண்டு. ஒவ்வொண்ணுலயும் நாலு பவுண்டு மருந்து, டப்பாவோட ஈயம் எட்டு பவுண்டு. மருந்து தீர்ந்ததும் டப்பாவை உருக்கினா உள்ள இருந்த மருந்துக்குத் தேவையான குண்டு கிடைச்சுடும். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன், பவுண்டுக்கு 30 குண்டுன்னா எட்டு பவுண்டுக்கு 240 குண்டு, நாலு பவுண்டு மருந்தை 240ஆல வகுத்தா ஒரு குண்டுக்கு ஏழரை கிராம், கிண்ணத்துல போடுற பொடிக்கும் சேர்த்து கச்சிதமான அளவு. பவுண்டுக்கு 40னு வச்சாலும் அஞ்சரை கிராமுக்கு மேல வருது, சின்னக் குண்டுக்கு அதுவும் சரியான அளவுதான். மருந்து மிஞ்சி ஈயம் தீர்ந்து போறது, ஈயம் மிஞ்சி மருந்து தீர்ந்து போறதுங்கிற பிரச்சனையே இல்ல, கூடவே காலி டப்பான்னு ஒரு குப்பையும் இல்ல.

1806 பிப்ரவரி 1ஆம் தேதி பசிபிக் ஓரத்துல ஃபோர்ட் க்ளாட்ஸப்ல எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தாங்க. நல்ல ரைஃபிள் மருந்து 27 டப்பா, சாதாரண ரைஃபிள் மருந்து 4, பளபளப்பு ஏத்தின மருந்து 3, மஸ்கெட் மருந்து 1, எல்லாமே அடைச்ச அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே காஞ்சு கிடந்துச்சாம், இத்தனைக்கும் பல விபத்துல மணிக்கணக்கா தண்ணிக்குள்ள கிடந்த டப்பாங்க. 35 டப்பான்னா எப்படிப் பார்த்தாலும் 8,000 தடவைக்கு மேல சுடலாம், வழியில குழி தோண்டிப் புதைச்சு வச்சுட்டு வந்தது தனி. பாதி கண்டம் தாண்டின பிறகு இவ்வளவு கையிருப்பு.

இதோட மறுபக்கம் ஜார்ஜ் ஷேனன் கதை. 1804 கோடையில இந்தப் பையன் தனியா வழி தவறி, கூட்டம் முன்னாடி போயிடுச்சுன்னு நினைச்சு அவங்களைத் துரத்திக்கிட்டே போறான், நிஜத்துல அவங்க பின்னாடி வர்றாங்க. குண்டு தீர்ந்து போச்சு. மருந்து இருக்கு, ஈயம் இல்ல. 12 நாள் காட்டுத் திராட்சையைத் தின்னுட்டு, குண்டுக்குப் பதிலா ஒரு கெட்டியான குச்சித்துண்டைப் போட்டுச் சுட்டு ஒரே ஒரு முயலை அடிச்சிருக்கான். சுத்தி எங்க பார்த்தாலும் மான். குழல் வாய் வழியா நிரப்புற துப்பாக்கிக்கு இருக்கிற ஒரே சலுகை அதுதான், எதையாவது உள்ள போட்டுச் சுட்டுத் தொலைக்கலாம், ஆனா குச்சியை வச்சு மான் அடிக்க முடியாது.

மான் அடிச்சதால நடந்த காரியம் ஒண்ணையும் சொல்லிடறேன். 1805 ஆகஸ்ட் 14 அன்னிக்கு ஷோஷோனி பழங்குடி ஆளுங்க குதிரையில ஏறி ப்ராங்ஹார்ன்ங்கிற மான் மாதிரி மிருகத்தோட மந்தையை மணிக்கணக்கா துரத்துறதை லூயிஸ் பார்த்தாரு, குதிரையெல்லாம் நுரை தள்ளிப் போச்சு, ஒண்ணும் சிக்கல. அவங்ககிட்ட இருந்தது வில்லுதான், துப்பாக்கின்னு பேருக்கு ஒண்ணு ரெண்டு. ரெண்டு நாள் கழிச்சு 16ஆம் தேதி, லூயிஸ் தங்களை எதிரிகிட்ட மாட்டி விடப் போறாருன்னு சந்தேகத்தோட கூட வந்துட்டிருக்காங்க, அப்போ முன்னாடி போன ட்ரூயார் ஒரு மானை அடிச்சுட்டாருன்னு சேதி வருது. பசியில கிடந்த ஜனம் குதிரையை விரட்டிக்கிட்டு ஓடி, தூக்கி எறிஞ்ச குடலையே பச்சையா தின்னாங்க. கால்வாசியை வச்சுக்கிட்டு மிச்சத்தைத் தலைவர் கமீயாவைட்கிட்ட குடுத்துப் பங்கு போடச் சொன்னாரு லூயிஸ். அன்னிக்கே ரெண்டாவது, மூணாவது மானும் விழுந்துச்சு, மனசும் கொஞ்சம் மாறுச்சு. மலை தாண்ட குதிரை வேணும்னு அந்த ஜனத்தை நம்பி நின்ன நேரம் அது. அந்த இடத்துல லூயிஸ் அவங்களை மிருகத்தோட ஒப்பிட்டு எழுதியிருக்கிறது எனக்குப் பிடிக்கல, சுத்தி இருக்கிற எதிரிகிட்ட துப்பாக்கி இருந்து தன்கிட்ட இல்லாததால மலைக்குள்ள பட்டினி கிடந்த கூட்டம் அது.

மழையும் லாக்கும்

ஃபோர்ட் க்ளாட்ஸப்ல இருந்த மூணரை மாசத்துல மழை பெய்யாத நாள் பன்னெண்டே பன்னெண்டு. கூட்டத்துல இருந்த சார்ஜென்ட் பேட்ரிக் காஸ் கணக்கு எழுதியிருக்காரு, 1805 டிசம்பர் 1ல இருந்து 1806 மார்ச் 20 வரைக்கும் 131 எல்க், 20 மான். மான் எண்ணிக்கை ஏன் இப்படி விழுந்துச்சுன்னா அங்க இருந்த மான் சின்னது, மெலிஞ்சது, எல்க் ஒண்ணு அடிச்சா கறியும் தோலும் கொழுப்பும் ஒரேயடியா கிடைக்கும். சுடுறதை விட தூக்கிட்டு வர்றதுதான் அங்க கஷ்டம், சதுப்புக்குள்ள மைல் கணக்குல சுமக்கணும், வர்றதுக்குள்ள கறி கெட்டுடும். ஜனவரி 12 அன்னிக்கு ட்ரூயார் ஒரே நாள்ல ஏழு எல்க் அடிச்சுட்டு வந்தாரு, இந்த ஆள் இல்லன்னா நாங்க எப்படிப் பிழைப்போம்னே தெரியலன்னு லூயிஸ் எழுதினாரு. ட்ரூயாருக்கு அப்பா பிரெஞ்சு-கனடாக்காரர், அம்மா ஷானி இனம், சம்பளம் மாசம் 25 டாலர், சாதாரண சிப்பாய்க்கு 5 டாலர். குடுத்த காசுக்கு மேல உழைச்ச மனுஷன்.

சக்கிமுக்கி லாக் மழையில படுத்துக்கும், கிண்ணத்துல பொடி ஊறிடும், ஸ்ப்ரிங் துருப்பிடிக்கும், திருகு உடையும். மார்ச் 20ஆம் தேதி குறிப்பைப் படிங்க. ட்ரூயாரோட துப்பாக்கியும் சார்ஜென்ட் ப்ரையரோட துப்பாக்கியும் கெட்டுப் போச்சு. ட்ரூயாரோடதுக்குப் புது லாக்கே மாட்டினாங்க. ப்ரையரோடதுல உடைஞ்ச திருகுக்கு, அது செய்யப்பட்ட ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலயே அதே லாக்குக்காகச் செஞ்சு வச்சிருந்த நகலைப் போட்டாங்க. உதிரி லாக்கும், கூட்டத்துல துப்பாக்கி சரி பண்ற ஜான் ஷீல்ட்ஸோட கைத்திறமையும் இல்லன்னா எங்க துப்பாக்கியில பெரும்பாலானது இந்நேரம் ஒண்ணுக்கும் உதவாமப் போயிருக்கும்னு லூயிஸ் சொல்றாரு. ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரு கொல்லன் கையால ஒவ்வொரு மாதிரி செஞ்சுக்கிட்டிருந்த காலத்துல, உதிரி பாகம் போய் சரியா உக்காருதுன்னா அது லேசுப்பட்ட விஷயம் இல்ல. 1803 மாடலா, வெட்டின பழசான்னு சண்டை போடுறவங்க ரெண்டு பேரும் இந்தக் குறிப்பைத் தங்களுக்குச் சாதகமா படிப்பாங்க. எனக்கு இதுல தெரியுறது வேற, குழல் நீளத்தை விட ஷீல்ட்ஸோட கருவிப்பெட்டிதான் அதிக மான் அடிச்சிருக்கு.

மான்கிட்ட ஒரு குண்டு போதும், கரடிகிட்ட போதாது. 1805 மே 14 அன்னிக்கு ஆறு நல்ல வேட்டைக்காரங்க ஒரு பழுப்புக் கரடியை நாப்பது தப்படிக்குள்ள நெருங்கி, நாலு பேரு ஒண்ணா சுட்டு, ரெண்டு பேரு கையில வச்சுக்கிட்டு நின்னாங்க. நாலும் பட்டுச்சு, ரெண்டு நுரையீரல்ல. கரடி வாயைப் பிளந்துக்கிட்டு நேரா வந்துச்சு. மிச்ச ரெண்டும் சுட்டாங்க, தோள் முறிஞ்சுச்சு, நிக்கல. ரெண்டு பேரு படகுக்கு, மத்தவங்க வில்லோ புதருக்குள்ள, ஒளிஞ்சுக்கிட்டே நிரப்பிச் சுடுறாங்க, சுடுறது எங்க இருந்துன்னு கண்டுபிடிச்சு அது அங்கயே வருது. துப்பாக்கியையும் பையையும் போட்டுட்டு இருபதடி உயரக் கரையில இருந்து ஆத்துல குதிச்சவங்க உண்டு. கடைசியில கரையில நின்ன ஒருத்தன் தலையில சுட்டுச் சாய்ச்சான், மொத்தம் எட்டு குண்டு பாஞ்சிருந்துச்சு. குழல் 33 அங்குலமோ 42 அங்குலமோ, ஒரு தடவை சுட்டா அடுத்ததுக்கு அரை நிமிஷமாவது ஆகுற துப்பாக்கி, அவ்வளவுதான் அதோட எல்லை.

ஆகஸ்ட் 11, 1806

விபத்து ஆய்வுன்னு பார்த்தா இந்த நாள்தான் முக்கியம். திரும்பி வர்ற வழியில, இன்னிக்கு நார்த் டகோட்டா இருக்கிற பகுதியில மிசூரி ஓரத்து வில்லோ புதர்ல எல்க் நிக்குதுன்னு லூயிஸும் பியேர் க்ரூஸாட்டும் இறங்கினாங்க. க்ரூஸாட் நல்ல படகோட்டி, பிடில் வாசிப்பாரு, ஆனா ஒரு கண்ணு தெரியாது, மத்தக் கண்ணுலயும் பார்வை மட்டம். லூயிஸ் ஒரு எல்க்கை அடிச்சாரு, க்ரூஸாட் இன்னொண்ணைக் காயப்படுத்தினாரு. ரெண்டு பேரும் திரும்ப நிரப்பிக்கிட்டு தனித்தனி வழியில புதருக்குள்ள போனாங்க. லூயிஸ் ஒரு எல்க்கைச் சுடப் போற நேரம், இடது பக்கம் இடுப்பு மூட்டுக்கு ஒரு அங்குலம் கீழ குண்டு பாஞ்சு, எலும்புல படாம ஊடுருவி, வலது தொடையோட பின்பக்கத்தையும் கிழிச்சிடுச்சு. யோவ் என்னைச் சுட்டுட்டியேன்னு கத்தினாரு, பேரைச் சொல்லிப் பலதடவை கூப்பிட்டாரு, பதில் இல்ல. சத்தம் நாப்பது தப்படிக்குள்ளதான் கேட்டுச்சு, பதில் வரலன்னா சுட்டது பழங்குடி ஆளுங்களாத்தான் இருக்கும்னு நினைச்சு ஓடிப் போய் ஆளுங்களை உஷார் பண்ணிட்டு, படகுல பிஸ்டல், ரைஃபிள், காத்துத் துப்பாக்கி மூணையும் பக்கத்துல வச்சுக்கிட்டு காத்திருந்தாரு. தேடிப் போனவங்க யாரையும் பார்க்காம க்ரூஸாட்டோட திரும்பி வந்தாங்க. எனக்குத் தெரியாதுன்னு அவரு சாதிச்சாரு.

குண்டு லூயிஸோட கால்சட்டைக்குள்ளயே மாட்டியிருந்துச்சு. எடுத்துப் பார்த்ததும் அவருக்குத் தெரிஞ்சுடுச்சு, இது குட்டை ரைஃபிளோட குண்டு, க்ரூஸாட் கையில இருந்ததும் அதே வகை. இன்னிக்கு லேப்ல செய்யுறதை 1806ல ஒருத்தர் காயத்தோட உக்கார்ந்து கண்ணால செஞ்சிருக்காரு, அந்தத் துப்பாக்கியோட குண்டு அளவு மத்ததுல இருந்து தனியா தெரிஞ்சிருக்குங்கிறதுக்கும் இதுதான் நேரடி ஆதாரம். வேணும்னு செய்யலன்னு அவரே எழுதிட்டாரு. தான் பழுப்புத் தோல் உடுப்பு போட்டிருந்ததால எல்க்னு நினைச்சுட்டான்னும் எழுதியிருக்காரு.

எனக்கு உறுத்துறது இன்னொண்ணு. நாப்பது தப்படியில முழு அளவு மருந்து போட்ட 15 கிராம் குண்டு வெறும் சதையைத் துளைச்சுட்டு தோல் கால்சட்டைக்குள்ள நின்னுடுமா? என் ஊகம், அவசரத்துல திரும்ப நிரப்பினப்போ மருந்து குறைவா விழுந்திருக்கணும், இல்ல லேசா ஈரம் பட்டிருக்கணும். ஊகம்தான். அப்படி இருந்தா அந்த அவசரம்தான் லூயிஸைக் காப்பாத்தியிருக்கு. காரணங்களை வரிசையா பார்த்தா பார்வை மட்டமான ஆளுக்குத் துப்பாக்கி குடுத்தது, அடர்ந்த புதருக்குள்ள பிரிஞ்சு போனது, மிருகத் தோல் நிறத்துல உடுப்பு. இன்னிக்கு அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல வேட்டைக்காரங்க கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம் போடணும்னு சட்டம் இருக்கிறது இந்த மாதிரி விபத்துக்காகத்தான். புதருக்குள்ள சுலபமா நுழைய விடுற குட்டைக் குழல், ஆளையும் அதே புதருக்குள்ள கொண்டு போய் விட்டுச்சுங்கிறதையும் சேர்த்துக்கலாம்.

லூயிஸ் குப்புறப் படுத்துக்கிட்டே படகுல வந்து, மறுநாள் கிளார்க்கோட சேர்ந்தாரு, ஆகஸ்ட் 22ஆம் தேதி கொஞ்சம் நடக்க ஆரம்பிச்சுட்டாரு.

இந்தக் குட்டைக் குழல், பெரிய குண்டு, பாதிக் கட்டை வடிவம் அப்புறம் மேற்குல வேரூன்றிடுச்சு. செயின்ட் லூயிஸ்ல ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் மலைவாசி வேட்டைக்காரங்களுக்காகச் செஞ்ச ரைஃபிள் இதே குடும்பம்தான், குதிரை மேல தூக்கிட்டுப் போற மாதிரி. 1970ல தாம்சன் சென்டர் கம்பெனி ஹாக்கன் பேருலயே 28 அங்குலக் குழலோட ஒண்ணை இறக்குச்சு, அமெரிக்காவுல கருமருந்து மான் வேட்டை திரும்ப சூடு பிடிச்சதுல அதுக்குப் பெரிய பங்கு. லூயிஸ் கூட்டம் நடந்து போன மொன்டானாவுல 2021ல இருந்து டிசம்பர்ல ஒன்பது நாள் பாரம்பரிய சீசன்னு தனியா ஒண்ணு வச்சிருக்காங்க, ஈயக் குண்டு, தளர்வா கொட்டுற மருந்து, டெலஸ்கோப் இல்லாத வெறும் குறி, மருந்தைப் பத்த வைக்கிற நவீன ப்ரைமர் கூடாது. அதுல போறவங்களுக்கு 33 அங்குலமே நீளமா தெரியும்.

பயணம் முடிஞ்சு 1806ல செயின்ட் லூயிஸ் திரும்பினதும், மிஞ்சின ரைஃபிள், மஸ்கெட், மருந்துக் கொம்பு, கெட்டில், கோடாலி எல்லாத்தையும் பொது ஏலத்துல வித்துட்டாங்க, மொத்தம் கிடைச்சது 408 டாலர் 62 சென்ட். எந்தத் துப்பாக்கியை யாரு வாங்கினாங்கன்னு தெரியல, அந்த 15ல ஒண்ணுன்னு உறுதியா நிரூபிக்கிற துப்பாக்கி இன்னிக்கு எந்த மியூசியத்துலயும் இல்ல. 1803 மாடலா, வெட்டின 1792ஆங்கிற சண்டை முடியாம இழுத்துக்கிட்டே போறதுக்குக் காரணமும் இந்த ஏலம்தான்.